துன்புறுத்தலுக்கு ஆளாகக்கூடிய குழந்தைகளைக் காப்பது எப்படி: சுகாதாரப் பணியாளர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் ஒரு வழிகாட்டி

தடுப்பூசி போடும் செவிலியர் ஒரு குழந்தையின் காதுமடலில் கன்றிய தடத்தைக் காண்கிறார். அந்தக் குழந்தையின் அக்கா பத்து நாட்களாக வகுப்புக்கு வரவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியும். தாய் தூக்க மாத்திரை கேட்டு அடிக்கடி வருவதை மருந்தாளுநர் கவனித்திருக்கிறார். இரவில் எழும் கூச்சல் பக்கத்து வீட்டாருக்குப் பழகிப்போய்விட்டது. நால்வரிடமும் ஆளுக்கொரு தகவல் துண்டு இருக்கிறது. நான்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர்தான் ஒருவரும் இல்லை. குழந்தைகளுக்கு இழைக்கப்படும் துன்புறுத்தல் பெரும்பாலும் இவ்வாறே கண்ணுக்குத் தப்புகிறது.

மருத்துவ வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1946-ஆம் ஆண்டில் ஜான் காஃபி என்ற அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர், மூளையுறைக்குள் இரத்தம் கட்டியிருந்த ஆறு கைக்குழந்தைகளின் நீண்ட எலும்புகளில் முறிவுகள் இருந்ததை விவரித்தார். முறிவுக்குக் காரணம் அடிபட்டதே என்று எழுதிய அவர், அந்த அடி எப்படி நேர்ந்தது என்பது விளங்கவில்லை என்றும், ஒரு குழந்தையின் விஷயத்தில் வேண்டுமென்றே துன்புறுத்தப்பட்டதோ என்ற ஐயம் எழுந்தாலும் அதை நிறுவவோ மறுக்கவோ சான்று போதவில்லை என்றும் குறித்துவைத்தார். குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய குழுவினரும் 1962-இல் அதற்கு ‘அடிபட்ட குழந்தை நோய்க்குறி’ என்று வெளிப்படையாகப் பெயர் சூட்டும்வரை 16 ஆண்டுகள் கழிந்தன. சான்று போதாமல் தயங்கும் இந்த மனநிலை இன்றும் ஒவ்வொரு வெளிநோயாளர் பிரிவிலும் இருக்கிறது. ஆகவே முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: சுகாதாரப் பணியாளரின் வேலையும் சமூகப் பணியாளரின் வேலையும் குற்றத்தை நிரூபிப்பதன்று, கைக்கு வந்த துண்டைத் தவறவிடாமல், சிதைக்காமல், உரிய கையில் சேர்ப்பதே அவர்கள் வேலை.

யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்

துன்புறுத்தல் என்பதை உடலை வருத்துதல், பாலியல் வன்கொடுமை, மனத்தை வருத்துதல், புறக்கணித்தல் என நான்காகப் பிரிப்பது வழக்கம். கடைசியாக நிற்கும் புறக்கணிப்பைத்தான் நாம் எளிதில் விட்டுவிடுகிறோம். அதில் காயம் இருப்பதில்லை; ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்த நிகழ்ச்சியும் இருப்பதில்லை. எடை ஏறாத வளர்ச்சி அட்டை, சிகிச்சை பெறாத பற்சொத்தை, வலிப்பு மருந்து தீர்ந்த பிறகும் மீண்டும் வாங்கப்படாத சீட்டு ஆகியவற்றில்தான் அது எழுதப்பட்டிருக்கும். வறுமைக்கும் புறக்கணிப்புக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே மனத்தில் இருத்த வேண்டும். இல்லாமையால் கொடுக்க முடியாத பெற்றோருக்குத் தேவை உதவி. அவர்களைக் குற்றவாளிகளாகப் பதிவு செய்வது குழந்தைக்கு இன்னொரு தீங்காகவே முடியும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள், குடும்பத்தை விட்டு விடுதிகளிலும் இல்லங்களிலும் வளர்பவர்கள், இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள், வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுவர்கள், குடிப்பழக்கமோ குடும்ப வன்முறையோ உள்ள வீட்டில் இருப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து மிகுதி. மாற்றுத்திறனுள்ள குழந்தைகளைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் நடந்து 2012-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, மற்றக் குழந்தைகளைவிட அவர்கள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு ஏறத்தாழ 3.7 மடங்கு. குளிப்பாட்டவும் உடைமாற்றவும் பிறரை நம்பியிருப்பது, நடந்ததைச் சொல்லும் வழி இல்லாதது, சொன்னாலும் பிறர் நம்பாதது ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்போது தீங்கு செய்பவருக்குத் துணிவு வந்துவிடுகிறது. அவர்களிடம் தென்படும் மாற்றம் ஒவ்வொன்றையும் குறைபாட்டின் தலையில் கட்டிவிடுவது பணியாளர்கள் செய்யும் பெரும் பிழை.

உடல் சொல்வதும் கதை சொல்வதும்

நடக்கும் பிள்ளைக்கு முழங்காலிலும் அதற்குக் கீழே காலின் முன்புறத்திலும் நெற்றியிலும் அடிபடுவது இயல்பு. தவழவோ எதையேனும் பிடித்துக்கொண்டு நிற்கவோ தொடங்காத குழந்தையின் உடலில் கன்றல் இருப்பது இயல்பன்று. குழந்தை மருத்துவர்கள் 2021-இல் மேம்படுத்திய ஒரு விதியை எல்லாப் பணியாளர்களும் மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தையின் மார்பு, வயிறு, முதுகு உள்ளிட்ட நடுவுடல், காது, கழுத்து, தாடையின் கோணம், கன்னத்தின் சதைப்பகுதி, கண்ணிமை, கண்ணின் வெண்பகுதி, உதட்டையும் ஈறையும் இணைக்கும் சவ்வு ஆகியவற்றில் காயமோ கன்றலோ இருந்தாலும், கை, கயிறு, வார் போன்றவற்றின் வடிவம் தோலில் பதிந்திருந்தாலும், நம்பத்தக்க விபத்து விவரம் இல்லாத நிலையில் துன்புறுத்தலுக்கான வாய்ப்பை ஆராய வேண்டும். ஐந்து மாதம் நிறையாத குழந்தைக்கு உடலில் எந்த இடத்தில் கன்றல் இருந்தாலும் இதே விதி பொருந்தும்.

இதற்குள்ளும் சில எச்சரிக்கைகள் உண்டு. கன்றலின் நிறத்தைப் பார்த்து அது எத்தனை நாள் பழையது என்று சொல்ல முடியாது. அவ்வாறு எழுதப்பட்ட அறிக்கைகள் பின்னர் விசாரணையைக் கெடுக்கும். கருநிறத் தோலில் கன்றல் எளிதில் தெரியாது; நல்ல வெளிச்சத்தில், தொட்டும் பார்க்க வேண்டும். இடுப்பிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே இருக்கும் நீலச்சாம்பல் திட்டுகளை அடியின் தடம் என்று கொண்டு குடும்பத்தைக் கலங்கடித்தவர்கள் உண்டு; பிறந்தவுடன் செய்யும் பரிசோதனையிலேயே அத்திட்டுகளைப் பதிந்துவிட்டால் இந்தக் குழப்பம் நேராது. இரத்தம் உறைவதில் உள்ள கோளாறும் கன்றலாக வெளிப்படும் என்பதால், அதற்குரிய பரிசோதனையை மருத்துவர் செய்ய வேண்டும். ஆனால் அந்த முடிவு வரட்டும் என்று குழந்தையை ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக்கூடாது. சுடுநீர்க் காயம் கையுறையோ காலுறையோ அணிந்ததுபோல் நேர்கோட்டில் முடிந்தால், தவறி விழுந்ததைவிடப் பிடித்து அமிழ்த்தியதையே அது நினைவூட்டும்.

காயத்தைவிடக் கதை சில நேரங்களில் அதிகம் சொல்லும். கட்டிலிலிருந்து உருண்டு விழுந்ததாகச் சொல்லப்படும் குழந்தைக்கு இன்னும் புரளவே தெரியாது என்றால், வளர்ச்சிப் படிநிலையும் சொல்லப்பட்ட கதையும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். மருத்துவரிடம் ஒரு விவரமும் செவிலியரிடம் வேறொரு விவரமும் சொல்லப்படுவது, கடுமையான காயத்தோடு நாட்கள் கடந்து வருவது, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மருத்துவமனைக்குப் போவது ஆகியவையும் பதிவுக்குரியவை.

நடத்தையில் தோன்றும் மாற்றங்களைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. பழகிய பிறகு மீண்டும் படுக்கையை நனைப்பது, ஒருவரைக் கண்டால் மட்டும் ஒடுங்குவது, வயதுக்கு ஒவ்வாத பாலியல் அறிவு, விளக்கம் இல்லாத பரிசுப்பொருட்கள் ஆகிய எவையும் தனியே எதையும் நிறுவுவதில்லை. அவற்றைக் கண்டால் முடிவுக்குத் தாவாமல் கேள்வியோடு நெருங்க வேண்டும்.

சொல் ஒன்றை மாற்றினாலே பார்வை மாறும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். சிகிச்சைக்குக் குறித்த நாளில் வராத குழந்தையின் பெயருக்கு எதிரே பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று எழுதுவது வழக்கம். மூன்று வயதுக் குழந்தை தானாக எப்படி வரும்? ‘அழைத்து வரப்படவில்லை’ என்று எழுதிப் பாருங்கள்; ஏன் அழைத்து வரவில்லை, யார் அழைத்து வந்திருக்க வேண்டும், வீட்டில் என்ன நிலை என்ற கேள்விகள் தாமாகவே வரிசையில் நிற்கும். பிரிட்டனில் பல மருத்துவச் சேவைகள் இம்மாற்றத்தை ஏற்றுக்கொண்டுள்ளன. செலவில்லாத சீர்திருத்தங்களில் இதைவிடப் பயனுள்ளது வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

குழந்தை பேசும்போது

பிறர் காதில் விழாத இடத்தில், குழந்தையின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து அமர்ந்து, உடன் வந்தவரைச் சற்று நேரம் வெளியே இருக்கச் செய்து பேச வேண்டும். எடை பார்க்க, பார்வை சோதிக்க என்று இயல்பான காரணம் சொல்லிப் பிரித்தால் ஐயம் எழாது. ‘என்ன நடந்தது, சொல்லுடா’ என்பது போன்ற திறந்த கேள்வி போதும். ‘மாமா உன்னைத் தொட்டாரா?’ என்று நாமே ஒருவரை நுழைத்துக் கேட்பது, நல்ல நோக்கத்தோடு கேட்டாலும், பின்னால் குழந்தையின் சொல்லையே ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும். தொடக்கநிலைத் தகவல் கிடைத்ததும் நிறுத்திக்கொள்ள வேண்டும். விரிவான விசாரணை அதற்கெனப் பயிற்சி பெற்றவரின் பணி.

‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்களிக்கக்கூடாது. காக்க முடியாத வாக்கு அது. அதை மீறும்போது குழந்தை இரண்டாம் முறையும் ஏமாற்றப்படுகிறது. ‘உன்னைப் பத்திரமாக வைத்திருக்க உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்; யாரிடம் சொல்லப்போகிறேன் என்பதை உனக்கும் சொல்வேன்’ என்பதே நேர்மையான விடை. சொன்னதை நம்புவதாகவும், நடந்தது அதன் தவறன்று என்றும் வாய்விட்டே சொல்ல வேண்டும். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதிருப்பது கடினந்தான்; ஆனால் நம் முகத்தைப் பார்த்துத்தான் மேலே சொல்லலாமா வேண்டாமா என்று குழந்தை முடிவெடுக்கிறது. இன்று சொன்னதை நாளை மறுக்கவும் கூடும். மறுப்பதற்கு அச்சமும், குடும்பம் சிதறிவிடுமோ என்ற குற்றவுணர்வும் காரணமாக இருக்கலாம். முதலில் சொன்னது பொய் என்பதற்கு அது சான்றாகாது.

பேச்சுத்திறன் குறைந்த குழந்தைக்குப் படப்பலகை, சைகை, பொம்மை எது வசதியோ அதைப் பயன்படுத்தலாம். மொழிபெயர்ப்பாளரோ சைகைமொழி அறிந்தவரோ தேவைப்பட்டால் குடும்பத்தைச் சேராத ஒருவரையே அழைக்க வேண்டும். வீட்டுக்காரரையே மொழிபெயர்க்கச் சொல்வது தீங்கு செய்தவரிடமே சாட்சியத்தை ஒப்படைப்பதாகவும் ஆகிவிடலாம்.

மருத்துவ உதவியும் நேரக் கணக்கும்

பாலியல் வன்கொடுமை நேர்ந்திருந்தால் சில சிகிச்சைகளுக்குக் காலக்கெடு உண்டு. எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள், இயன்ற வரை விரைவாகத் தொடங்கி, 28 நாட்கள் தொடர வேண்டும். பருவமெய்திய சிறுமிக்குக் கருத்தடுப்பு அவசர மாத்திரையை 120 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். முந்தினால் பயன் மிகுதி. பாலியல் தொற்றுகளுக்கான சிகிச்சை, கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி ஆகியவற்றையும் மருத்துவர் முடிவு செய்வார். காவல்துறைப் புகார் பதிவாகும்வரை சிகிச்சையை நிறுத்திவைப்பது எந்த வகையிலும் நியாயமன்று. இக்காலக்கெடுக்கள் கோப்பு நகர்வதற்காகக் காத்திருப்பதில்லை.

பரிசோதனைக்கு முன் குழந்தைக்குப் புரியும் சொற்களில் விளக்கி, அதன் இசைவையும் கேட்க வேண்டும். வற்புறுத்திப் பிடித்துவைத்துப் பரிசோதிப்பது நடந்த கொடுமையையே மீண்டும் நிகழ்த்துவதற்கு ஒப்பாகும். உடைகளைத் துவைக்காமல், நெகிழிப் பையில் ஈரத்தோடு கட்டாமல், காகிதப் பையில் தனித்தனியாக வைக்க வேண்டும். வன்கொடுமைக்கு ஆளான குழந்தைகளில் பெரும்பாலோரின் உடலில் பரிசோதனையின்போது எந்த மாற்றமும் தெரிவதில்லை. ஆகவே ‘காயம் இல்லை, எனவே எதுவும் நடக்கவில்லை’ என்று எழுதுவது அறிவியலுக்கு முரணானது. கன்னித்தன்மைச் சோதனை எனப்படுவதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் பிற அமைப்புகளும் 2018-இல் அறிவித்து, அதைக் கைவிடக் கோரின. மனக்காயத்துக்கு, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல்-நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாகச் சீராக்கும் உளச்சிகிச்சை) பலனளிப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆறுதல் மொழியோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்குரியவரிடம் அனுப்ப வேண்டும்.

ஒரே குழந்தை மருத்துவரிடமும் காவலரிடமும் வழக்கறிஞரிடமும் நீதிமன்றத்திலும் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதைத் தவிர்க்க, எல்லாச் சேவைகளையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவரும் மையங்கள் உருவாயின. அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லில் 1985-இல் இம்முயற்சி தொடங்கியது. ஐஸ்லாந்து 1998-இல் தன் ‘குழந்தைகள் இல்லத்தை’ அமைத்தது. அத்தகைய மையம் இல்லாத இடத்திலும் இக்கருத்தைப் பின்பற்றலாம்: ஒரே நாளில், ஒரே அறையில், ஒரே துணையாளர் உடனிருக்கப் பணிகளை முடிக்கத் திட்டமிட்டாலே அலைச்சலில் பாதி குறையும்.

எழுதுவதும் ஒப்படைப்பதும்

பார்த்ததை அன்றே எழுத வேண்டும். காயத்தின் இடம், அளவு, வடிவம், நிறம் ஆகியவற்றை உடல்வரைபடத்தில் குறித்து, நாள், நேரம், கையெழுத்து ஆகியவற்றை இட வேண்டும். குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். கொச்சையாக இருக்கிறதே என்று நாகரிகப்படுத்தி எழுதினால் பொருளே மாறிவிடும். கேட்ட கேள்வியையும் எழுத வேண்டும். பார்த்தது ஒரு பத்தியாகவும், அதைப் பற்றிய நம் கருத்து வேறொரு பத்தியாகவும் இருக்கட்டும்.

பல நாடுகளில் ஐயம் எழுந்தாலே அறிவிக்க வேண்டும் என்று சட்டம் பணியாளரைக் கட்டாயப்படுத்துகிறது. உங்கள் நாட்டுச் சட்டம் எவரிடம், எவ்வளவு காலத்துக்குள் அறிவிக்கச் சொல்கிறது, உங்கள் நிறுவனத்தில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார், அவர் இல்லாத நாளில் யார், இரவில் யார் என்பதை இன்றே ஒரு தாளில் எழுதி எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வாசலில் நிற்கும்போது தேடத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். உடனடி ஆபத்து இருந்தால் குழந்தை அங்கிருந்து போவதற்கு முன்பே அறிவிக்க வேண்டும். ஐயத்துக்குரியவரை நேரில் விசாரித்து எச்சரிப்பதும், இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமரசம் பேசுவதும் செய்யக்கூடாதவை. முன்னது சான்றை அழிக்கவும் குழந்தையை மிரட்டவும் வாய்ப்பளிக்கும். பின்னதில் குழந்தையின் பாதுகாப்பே பேரம் பேசும் பொருளாகிவிடும்.

லண்டனில் 2000-ஆம் ஆண்டு எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உறவினர் வீட்டில் சித்திரவதைக்குள்ளாகி இறந்தாள். லார்டு லேமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003-இல் வெளிவந்தது. சமூகநலத் துறை, மருத்துவமனை, காவல்துறை ஆகிய எல்லா வாசல்களிலும் அவள் ஏறியிறங்கியிருக்கிறாள். குறைந்தது 12 முறை அவளைக் காப்பாற்றும் வாய்ப்பு தவறவிடப்பட்டது. உடலிலிருந்த தடங்களைச் சிரங்கு என்று ஒரு மருத்துவர் முடிவு செய்ததும், மற்றத் துறைகள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பாதுகாப்பை விலக்கிக்கொண்டன. வேறொரு துறையின் முடிவை வாங்கிக்கொள்ளும்போது ‘இதை எதை வைத்துச் சொன்னீர்கள்?’ என்று கேட்பதை மரியாதைக் குறைவாகக் கருதக்கூடாது என்பது அந்த அறிக்கையைப் படிக்கும் எவருக்கும் உறைக்கும்.

தகவல் பகிர்வில் தயக்கம் வருவது இயல்பு. மருத்துவ இரகசியம் குழந்தையின் நலத்துக்காக ஏற்பட்டது; தீங்கை மூடிவைக்க அதைப் பயன்படுத்த முடியாது. அதே நேரத்தில், தெரிந்துகொள்ள வேண்டியவருக்குத் தேவையான அளவே சொல்ல வேண்டும். தேநீர் நேரப் பேச்சிலோ பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுவிலோ குழந்தையின் பெயர், படம், வீட்டு அடையாளம் எதுவும் இடம்பெறக்கூடாது.

காக்க வந்தவரே தீங்கு செய்யாதிருக்க

குழந்தைகளை எளிதில் நெருங்க முடியும் என்பதற்காகவே சேவைப் பணிகளுக்கு வருபவர்களும் உண்டு. பணியில் சேர்ப்பதற்கு முன் முந்தைய பணியிடத்தில் நேரடியாகப் பேசி விசாரிப்பது, குற்றப் பின்னணியைச் சரிபார்ப்பது, நடத்தை விதிகளில் கையொப்பம் பெறுவது, குழந்தையோடு மூடிய அறையில் எவரும் தனித்திருக்காதவாறு கதவுக்குக் கண்ணாடி வைப்பது போன்றவை தன்னார்வலர்களுக்கும் பொருந்த வேண்டும். ‘அவரைப் பல ஆண்டுகளாகத் தெரியும்’ என்பது சரிபார்ப்பு ஆகாது. பணியாளர் மீது புகார் வந்தால் நிறுவனத்தின் நற்பெயர் கருதி உள்ளுக்குள் முடித்துக்கொள்ளாமல், வெளி அமைப்புக்கே அறிவிக்க வேண்டும்.

அடி விழுவதற்கு முன்பே

பிறந்த இரண்டு வாரங்களில் தொடங்கிக் குழந்தையின் அழுகை கூடிக்கொண்டே போய், இரண்டாம் மாதத்தில் உச்சத்தை எட்டி, நான்காம் மாதத்துக்குள் தணிகிறது. கைக்குழந்தையை ஆத்திரத்தில் பிடித்துக் குலுக்கி மூளைக்குச் சேதம் விளைவிப்பது பெரும்பாலும் இந்த அழுகையால்தான் தூண்டப்படுகிறது. ‘அழுகை நிற்காமல் பொறுமை போய்விட்டால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுச் சில நிமிடங்கள் விலகிச் செல்லுங்கள், ஒருபோதும் குலுக்காதீர்கள்’ என்று பிரசவ விடுதியிலிருந்து அனுப்பும்போதே தாயிடமும் தந்தையிடமும் சொல்ல வேண்டும். தந்தையை வராந்தாவில் நிற்கவைத்துவிட்டுத் தாயிடம் மட்டும் சொல்லும் வழக்கத்தை விட வேண்டும்.

வீடு தேடிச் செல்லும் செவிலியர் சேவையின் பயனை நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் 1970-களின் இறுதியில் டேவிட் ஓல்ட்ஸ் தொடங்கிய ஆய்வு காட்டியது. கர்ப்பகாலம் முதல் குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை செவிலியர் வந்துபோன குடும்பங்களில், 15 ஆண்டுகளுக்குப் பின்னும் துன்புறுத்தல், புறக்கணிப்புப் பதிவுகள் குறைவாகவே இருந்தன. ஆனால் கணவனின் வன்முறை மிகுந்த வீடுகளில் அப்பயன் தேய்ந்துபோனது. தாயின் பாதுகாப்பைப் பற்றியும் மனச்சோர்வைப் பற்றியும் கேட்காமல், எடையும் தடுப்பூசியும் மட்டும் பார்த்துத் திரும்பும் வீட்டுவருகை பாதிப் பணியே.

ஒப்படைத்த பின்

அறிவித்தவுடன் நம் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. எந்த நாளில், எவரிடம், எவ்வாறு அறிவித்தோம், அவர் என்ன சொன்னார் என்பதைப் பதிந்து, சில நாட்களில் தொடர்புகொண்டு கேட்க வேண்டும். விடை வராவிட்டால் அவருக்கு மேலதிகாரியிடம் எழுத்துமூலம் கேட்க வேண்டும். நம் ஐயம் நீங்கவில்லை, அவர்கள் கோப்பை மூடிவிட்டார்கள் என்றால், மறுபரிசீலனை கோருவது பணியாளரின் உரிமை மட்டுமன்று, கடமையும்கூட. குடும்பம் வேறு ஊருக்குப் போவதாகத் தெரிந்தால், அங்குள்ள சேவையைக் கண்டறிந்து பதிவுகளை நேரடியாக ஒப்படைக்க வேண்டும். எல்லை கடக்கும் இடத்தில்தான் கோப்புகள் அதிகம் தொலைகின்றன.

இத்தகைய கதைகளைத் தொடர்ந்து கேட்கும் பணியாளர் உறக்கம் கெடுவதையும், எரிச்சல் மிகுவதையும், சில காலத்தில் எதுவுமே உறைக்காமல் போவதையும் காணலாம். மேற்பார்வையாளர் மாதம் ஒருமுறையேனும் அவரோடு தனித்து அமர்ந்து, நிலுவையிலுள்ள ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் வாசித்து, அடுத்து யார், எந்தத் தேதியில், எங்கே அந்தக் குழந்தையை நேரில் பார்க்கப்போகிறார் என்பதை எழுதிய பிறகே பதிவேட்டை மூட வேண்டும்.